மூன்றாவது கேம் ஷாஃப்ட்

யோகமலர் டீச்சரின் மொரிஸ் மைனருக்கு 2005 செப்டெம்பரில் எஞ்சின் வேலை நடந்தது. வேலையைச் செய்தவர் இத்ரூஸ். பதுளையில் பசறைப் பாதை தொடங்குகிற இடத்தில், பலகை விற்கிற மரக்காலை ஒன்றுக்குப் பின்னால் அவருடைய கராஜ் இருந்தது. ஊரில் பழைய இங்கிலிஷ் கார் வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் போனார்கள். அதிகம் பேசமாட்டார். ஒரு எஞ்சினைப் பிரித்தால் கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசைப்படியே தகரத் தட்டில் அடுக்கி வைப்பார். டீச்சருக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்தத் தட்டே காரணம்.

டீச்சர் சாவகச்சேரிக்காரி. தொண்ணூற்றொன்றில் பதுளைக்கு நியமனம் கிடைத்து வந்தவர், இடமாற்றம் கேட்காமலே இருந்துவிட்டார். பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மடுல்சீமைக்குப் போய், அங்கே தோட்டப் பாடசாலை ஒன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பும் எடுத்தார். அந்தப் பாடசாலையில் நாலு வருடமாக விஞ்ஞான ஆசிரியர் இல்லை. பஸ்ஸில் போனால் வகுப்பு தொடங்கப் பத்தரை ஆகிவிடும்; பின்னேர பஸ்ஸைப் பிடிக்க இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். கார் இருந்தபடியால் முழு நாளும் எடுக்க முடிந்தது.

எஞ்சினுக்குள் புதிய பிஸ்டன்களும் புதிய கேம் ஷாஃப்டும் போட்டு மூடியபோது, எந்த ஒயில் விடுவது என்ற பேச்சு வந்தது.

"வழமையா நான் ஊத்துற ஒயில் ஒண்டு ஈக்கு டீச்சர்," என்றார் இத்ரூஸ், மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டி.

டீச்சர் அதற்குள் நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த உதிரிப்பாகக் கடைக்குப் போய் வந்துவிட்டார். வெள்ளி நிறக் கலன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கலனின் பின்பக்கம் ஒரு சிறிய வட்டம், அதற்குள் இரண்டு எழுத்து. கடைக்காரர் அதை அவருக்கு விளக்கியிருந்தார். பெட்ரோல் எஞ்சினுக்கான ஒயில் என்றால் முதல் எழுத்து எஸ். இரண்டாவது எழுத்து சில வருடத்துக்கு ஒருமுறை முன்னே நகரும். எஸ்.ஜே., அதற்குப் பிறகு எஸ்.எல்., இப்போது எஸ்.எம். பின்னால் வருவது எப்போதும் முன்னால் இருந்ததைவிடத் திறம். டீச்சருக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

"பீப்பாய் ஒயில் வேண்டாம் நானா. இது ஆகப் புதுசு. இதையே விடுங்கோ."

இத்ரூஸ் கலனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான்," என்று சொல்லி ஊற்றினார்.

ஆறு மாதம் கார் நன்றாக ஓடியது. மார்ச்சில், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெஷின் மாதிரி ஒரு டிக் டிக் சத்தம் கேட்கத் தொடங்கியது. இத்ரூஸ் டெப்பட் இடைவெளியைச் சரிபண்ணிக் கொடுத்தார். இரண்டு கிழமையில் சத்தம் திரும்ப வந்தது. எஞ்சினைக் கழற்றி, கேம் ஷாஃப்டை உருவி எடுத்து, பழைய சாரத் துணியால் துடைத்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழல்கிற ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் எட்டுப் புடைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுழன்று வரும்போது மேலே இருக்கிற டெப்பட் என்ற சிறிய இரும்புக் கிண்ணத்தைத் தள்ளும். அது வால்வைத் திறக்கும். பழைய எஞ்சின்களில் இரும்பு இரும்போடு நேரே உரசிக்கொண்டே இருக்கும் இடம் அது. டீச்சரின் தண்டில் இரண்டு புடைப்புகளின் மூக்கு மழுங்கி வட்டமாகிப் போயிருந்தது. டெப்பட்டுகளின் அடியில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

"கல்லு மாதிரி ஈக்க வேண்டிய சாமான் டீச்சர் இது. சவுக்காரம் மாதிரிக் கரைஞ்சி ஈக்கு," என்றார் இத்ரூஸ். "கொழும்புல தந்தவன் மோசமான சாமானத் தந்திருக்கான். நான் வேற ஒண்டு எடுத்துப் போட்டுத் தாறேன். வேலைக்குக் காசு வேணாம்."

போட்டும் கொடுத்தார். டீச்சர் மறுபடியும் வெள்ளிக் கலன் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்.

இரண்டாவது தண்டு ஆகஸ்ட் வரைதான் தாங்கியது.

அந்த ஆகஸ்ட்டில் சண்டை மறுபடி மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடினார்கள். டீச்சரின் தங்கை பிரசாந்தினி சாவகச்சேரியில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். பாதை மூடி ஐந்து நாளாகியும் அவளுடைய போன் வேலை செய்யவில்லை. டீச்சர் பாடசாலைக்குப் போனார், படிப்பித்தார், வீட்டுக்கு வந்தார், நம்பரை அழுத்தினார். ஆறாவது நாள் காலை காரை எடுத்தபோது டிக் டிக் சத்தம் கேட்டது. நேரே கராஜுக்கு விட்டார்.

இத்ரூஸ் எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, "திரும்பவும் அதேதான் டீச்சர்," என்றார்.

"அதெப்பிடி நானா? ஒருக்கால் எண்டால் சாமான் பிழை. ரெண்டாந்தரமும் எண்டால்?"

"அதான் எனக்கும் வெளங்குது இல்ல."

"புதுச் சாமான் எண்டு சொல்லிப் பழசைப் பூட்டினனீங்களோ?"

கராஜில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் வங்கி முகாமையாளர். இத்ரூஸ் உள்ளே போய், தண்டு வந்த அட்டைப் பெட்டியையும் அதைச் சுற்றியிருந்த மெழுகுத் தாளையும் எடுத்துவந்து காட்டினார்.

"பெட்டியை ஆரும் வைச்சிருக்கலாம்," என்றார் டீச்சர்.

இத்ரூஸ் பெட்டியைத் தரையில் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்த பிறகு, "காரைக் கொண்டுபோங்க டீச்சர்," என்றார்.

பிரசாந்தினியின் போன் அதற்கு மறுநாள் வந்தது. சுகமாக இருந்தார்கள். அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நிற்கிறோம் என்றாள்.

டீச்சர் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லவேண்டும் என்று போய்ச் சொல்லவில்லை. கார் எங்கே என்று ஒருவர் கேட்டார், பதில் சொன்னார். "இத்ரூஸிட்டக் குடுக்கிறவை பெட்டியைப் பாத்து ஏமாறாதேங்கோ," என்று ஒரு வசனம்தான். ஆனால் யோகமலர் டீச்சர் நிறுத்துப் பார்க்காமல் எதையும் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். அந்த வசனம் பாடசாலையைத் தாண்டிப் போனது. கச்சேரி உத்தியோகத்தர்களின் காதுக்கும் போனது. அடுத்த இரண்டு மாதத்தில் அந்தப் பாடசாலை ஆசிரியர்கள் ஏழு பேர் தங்கள் வாகனங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வங்கி முகாமையாளரும் வரவில்லை. மரக்காலைக்குப் பின்னால் முச்சக்கர வண்டிகள்தான் நின்றன.

மூன்றாவது கேம் ஷாஃப்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கராஜ்காரர் போட்டார். தண்டை வேறு கடையில், டீச்சர் முன்னிலையிலேயே பெட்டி திறந்து வாங்கினார்கள். ஒயிலை டீச்சரே கொடுத்தார்.

2007 ஜனவரி மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. பசறைக் காவலரணில் பின் பெட்டியைத் திறந்து காட்டி, அடையாள அட்டையையும் காட்டி, மடுல்சீமை ஏற்றத்தில் ஏறத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் கார் மூச்சு வாங்கியது. டிக் டிக் சத்தம் டொக் டொக்காக மாறியது. கார்ப்ரேட்டர் பக்கம் இருமுவது போல ஒரு வெடிப்பு. இரண்டாவது கியரில் வளைவு ஒன்றைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மேலே தேயிலை, கீழே தேயிலை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

இருபது நிமிடத்தில் ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டி ஒன்று ஏறி வந்து நின்றது. மடுல்சீமையில் வாடகைக்கு ஓடுகிற மாடசாமியின் கார். பின் சீட்டில் ஜீவராணி என்ற பெண் துவாயில் சுற்றிய பிள்ளையோடு இருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று மூன்று நாளாகி, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிக் கொடுக்க, தோட்டத்து லயத்துக்குப் போகிறாள். பக்கத்தில் அவளுடைய தாய்.

மாடசாமி இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்," என்றார். எஞ்சின் அரை நிமிடம் ஓடி மறுபடி நின்றது. அவர் பொனட்டை மூடினார்.

"கேம் போயிருச்சுங்க."

"மூண்டாவது," என்றார் டீச்சர்.

"மூணாவதா?" மாடசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். "யாருங்க வேல செஞ்சது?"

"முதல் ரெண்டும் இத்ரூஸ். இது வேற ஆள்."

"இத்ரூஸ் பாஸா? எனக்கும் அவருதாங்க செஞ்சாரு. ஒங்க காரு ஒரு பக்கம் கெடந்துச்சு, எங்காரு ஒரு பக்கம் கெடந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே எஞ்சினுங்க. கொழும்புலேருந்து ஒரே பார்சல்லதான் ரெண்டு ஷாஃப்டும் வந்துச்சு. ஒண்ணு ஒங்களுக்குப் போட்டாரு, ஒண்ணு எனக்குப் போட்டாரு."

டீச்சர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மொரிஸ் மைனர் வளைவிலேயே கிடந்தது. ஒஸ்டின் நாலு பெரியவர்களோடும் ஒரு பிள்ளையோடும் ஏறியது. டீச்சர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். டிக் டிக் இல்லை. ஜீவராணியின் தாய், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று டீச்சரிடம் கேட்டாள். அவள் இரண்டு தரம் கேட்டபிறகுதான் டீச்சர் திரும்பி, "ஆர்த்திகா," என்றார். வாயில் வந்த பெயர் அது.

அன்றைக்கு வகுப்பு எடுத்தார். பின்னேரம் மாடசாமியே வந்து கூட்டிக்கொண்டு போனார். கார் கிளம்பியதும் டீச்சர் கேட்டார்.

"நீங்கள் எத்தினை மைல் ஓடியிருப்பியள், எஞ்சின் செய்த பிறகு?"

"பதினாலாயிரம் ஓடிருச்சுங்க. வாரத்துல நாலு நாளு ஆஸ்பத்திரி ஹயரு இருக்கும்."

"ஒண்டும் நடக்கேல்லையோ?"

"போன மாசம் டெப்பட் பாத்தேங்க. வச்ச எடத்துலயே இருக்கு."

"என்ன ஒயில் விடுறனீங்கள்?"

மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. "என்ன ஒயிலா? எங்க ஊரு கடையில ஒரே ஒரு ஒயிலுதாங்க டீச்சர். தோட்டத்து லொறிக்கு ஊத்துறது. டீசல் ஒயிலு. இத்ரூஸ் பாஸும் பீப்பாயில அதத்தான் வச்சிருக்காரு. காருக்கு ஒத்துக்காதுன்னு சில பேரு சொல்றாங்க. வேற ஒயிலு வாங்க பதுளைக்குப் போகணுமே, அதான் இதயே ஊத்துறேன்."

"அந்தக் கடையில ஒருக்கால் நிப்பாட்டுங்கோ."

கடைக்காரர் அஸீஸ் ஒரு நீலக் கலனை எடுத்து வைத்தார். பின்பக்க வட்டத்தில் எழுத்துகள் எஸ்ஸில் இல்லை, சி.எஃப். என்று தொடங்கின. டீச்சர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். ஒரு லீட்டர் வாங்கினார்.

வளைவில் நின்ற மொரிஸ் மைனரை மாடசாமி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். டீச்சர் பின்னால் தன் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாடசாலைக் கேள்வியைப் போலத்தான் யோசித்தார். முதல் தண்டும் இரண்டாவது தண்டும் இத்ரூஸ் போட்டது. மூன்றாவதை அவர் தொடவே இல்லை. முதல் இரண்டும் இத்ரூஸ் எடுத்தவை; மூன்றாவது வேறு கடை. மாடசாமியின் தண்டு அதே பார்சல், அதே கை. மூன்று தரமும் மாறாமல் இருந்தது என்ன? கார், அதை ஓட்டியவர், அவர் கொண்டுபோய்க் கொடுத்த வெள்ளிக் கலன். பசறை வருவதற்குள் அவருக்கு விடை தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

அது தெரிந்துகொள்ள ஒரு கிழமை நூலகத்தில் புரட்டினார். ஒயிலில் நாகமும், அதாவது துத்தநாகமும், பொஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைக் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். இரும்பு இரும்போடு அழுத்தி உரசி, ஒயிலின் படலம் கிழிந்துபோகிற இடத்தில் அந்தப் பொருள் சூட்டில் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகப் படியும். பூச்சு தேயும், இரும்பு தப்பும். நூலகத்தில் இருந்த புத்தகம் எழுபத்தெட்டாம் ஆண்டுப் பதிப்பு. அதில் இவ்வளவுதான் இருந்தது.

இரண்டு ஒயில்களிலும் ஐம்பது ஐம்பது கிராம் எடுத்தார். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் பர்னரை வைத்து, புடக்குகையில் எரித்துச் சாம்பலாக்கினார். இரண்டு பின்னேரம் எடுத்தது. புகை எட்டாம் வகுப்புக்குள் போய், பிரதி அதிபர் வந்து கேட்டுவிட்டுப் போனார். சாம்பலை அமிலத்தில் கரைத்து, அமோனியா சேர்த்து, வடித்து, தெளிந்த நீருக்குள் ஐதரசன் சல்பைட்டைச் செலுத்தினார். உயர்தரப் பிள்ளைகள் நாகத்தைக் கண்டுபிடிக்கப் படிக்கிற அதே முறை. இரண்டு முகவையிலும் பால் போல வெள்ளை இறங்கியது. நீலக் கலனின் முகவையில் அது தடிப்பாக இருந்தது.

கண்ணால் பார்த்ததை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வடிதாளை உலர்த்தி நிறுத்தார். எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து செய்தார். மூன்றாம் முறையும் செய்தார். மூன்று தரமும் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. எரிக்கும்போது எவ்வளவு நாகம் புகையோடு போனது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மூன்று தரமும் வெள்ளிக் கலனில் இருந்தது, நீலக் கலனில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வரவில்லை.

வெள்ளிக் கலனில் போட்டிருந்த கொழும்பு முகவரிக்குக் கடிதம் எழுதினார். மூன்று கிழமையில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். புதிய கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுவைச் சுத்தம் செய்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. பொஸ்பரஸ் அந்தப் பெட்டியைக் கெடுக்கும். ஆகவே புதிய தர ஒயில்களில் அந்தக் கூட்டுப்பொருளைக் குறைத்திருக்கிறோம். புதிய எஞ்சின்களுக்கு அந்த அளவு போதும். கடைசிப் பந்தியில், உங்களுடையதைப் போன்ற பழைய எஞ்சினுக்கு இந்த ஒயிலை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, எங்கள் டீசல் ரக ஒயில்களில் நாகம் கூட இருக்கிறது என்று இருந்தது. இணைத்திருந்த தாளில் அளவுகளும் இருந்தன. டீச்சருடைய எண்களை விட அவை கூடவாக இருந்தன. விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. டீச்சர் புதனும் வியாழனும் எங்கும் போகவில்லை. இத்ரூஸின் கராஜ் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, மூன்று மணிக்குப் போனார்.

இத்ரூஸ் முச்சக்கர வண்டி ஒன்றைச் சரித்து வைத்து அடியில் வேலை செய்துகொண்டிருந்தார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றார். இத்ரூஸ் டீச்சரைப் பார்த்துவிட்டு, ஸ்பேனரைத் திருப்பி முடித்த பிறகு எழுந்து வந்தார்.

"நானா, பிழை என்ர பக்கம்," என்றார் டீச்சர். "நான் தந்த ஒயில்தான் கேமைத் திண்டது. நீங்கள் பூட்டினது புதுச் சாமான்தான். நான் உங்களைக் கள்ளன் எண்டு சொன்னன். அது பொய்."

முச்சக்கர வண்டிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். டீச்சர் கடிதத்தையும் தாளையும் நீட்டினார். இத்ரூஸ் கை கறுப்பாக இருந்தபடியால் வாங்கவில்லை. டீச்சர் பிடித்துக்கொண்டிருக்க, இங்கிலிஷ் எழுத்தை விரலால் தொடாமல் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டார். டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாகம் என்றால் சிங்க் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் இத்ரூஸ் கேட்டு முடித்தார்.

"கலனை நீங்க கொண்டுவந்தது. ஊத்தினது நான்தானே," என்றார். "எனக்குத் தெரிஞ்சி ஈக்கணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் நானா? கலன்ல அது எழுதியில்லை."

"தெரியாதுதான். ஆனா டீச்சர்," அவர் குரல் உயரவில்லை, "நீங்க அண்டைக்கு இங்க சொன்னீங்க, அத நான் விடுவேன். கோவத்துல சொன்ன பேச்சு. இஸ்கோல்ல சொன்னீங்களே, அது எனக்கு ஆறு மாசமா வீட்டுக்குள்ள வந்து நிக்குது. ஸுபைராவுக்குக் கலியாணம் பேசப் போன எடத்துல அவங்க கேட்டாங்க. வாப்பா சாமான் மாத்துற ஆளாமேண்டு."

ஸுபைரா அவருடைய மூத்த மகள். டீச்சருக்கு அது தெரியாது.

"கலியாணம்?" என்று கேட்டார்.

"நிண்டுபோச்சு. அல்லாஹ் வேற எடம் வச்சிருப்பான்." அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "காரைக் கொண்டுவாங்க. செஞ்சி தாறேன். அது வேற, இது வேற."

டீச்சர் வீட்டுக்குப் போய் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். அரைப் பக்கம். இரண்டு தரம் கிழித்துப்போட்டு மூன்றாம் தரம் எழுதியதை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், ஏனைய விடயங்கள் என்று அதிபர் சொன்னபோது எழுந்து அதை வாசித்தார். தான் போன ஆகஸ்ட்டில் இத்ரூஸைப் பற்றிச் சொன்னது பொய் என்று தொடங்கி, காரணத்தைச் சொல்லி, யார் யாரிடம் அதைத் திருப்பிச் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லுங்கள் என்று முடித்தார். சமூகக்கல்வி டீச்சர் பலீலா மட்டும், "அப்ப என்ர காருக்கு என்ன ஒயில் விடுற?" என்று கேட்டார். அவருடையது ஐந்து வருடமே ஆன ஜப்பான் கார். அதற்கு எஸ்.எம். சரி என்றார் டீச்சர். அதிபர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

அந்தத் தாளின் பிரதி ஒன்றை வங்கி முகாமையாளருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு, அந்த விஷயத்தையே தான் மறந்துவிட்டதாகச் சொன்னார். கலியாணம் பேசிய வீடு வெலிமடையில் என்று விசாரித்து அறிந்து, அங்கேயும் போனார். வீட்டுக்காரர் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர்கள் மகனுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். டீச்சர் தேநீரைக் குடித்துவிட்டு, இது கலியாணத்துக்காக இல்லை, அந்த மனிசன் கள்ளன் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காக என்றார். தெரிந்தது நல்லது என்றார் வீட்டுக்காரர். வெலிமடை பஸ்ஸில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி பதுளைக்குத் திரும்பினார்.

போன ஏழு ஆசிரியர்களில் இரண்டு பேர்தான் இத்ரூஸிடம் திரும்பி வந்தார்கள். மற்றவர்களுக்குப் புதிய இடம் பழகிவிட்டது.

நாலாவது கேம் ஷாஃப்டை இத்ரூஸ் மார்ச் கடைசியில் போட்டார். புதிய டெப்பட்டுகளும் போட்டார். மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு புடைப்பிலும் கரிய பசை ஒன்றைத் தடவினார். ஒயில் வாங்க இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வெள்ளிக் கலனைத்தான் முதலில் எடுத்தார். டீச்சர் தலையை ஆட்டினார். அலுமாரித் தட்டில் இருந்த ஏழு கலன்களையும் கீழே இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பினார்.

"எஸ்.எம். மட்டும் போட்டிருந்தா வேணாம்," என்றார் இத்ரூஸ். "சி.எஃப். எண்டு தனிய ஈக்கிறத எடுங்க."

"இதில ரெண்டும் கிடக்கு. சி.எஃப். முதலில, எஸ்.எல். பிறகு."

"எது முன்னுக்கு ஈக்கோ அதுக்குத்தான் செஞ்சிருப்பான். தடிப்பு என்ன?"

"பதினைஞ்சு நாற்பது."

"அது சரி. இந்த எஞ்சினுக்கு மெல்லிய ஒயில் ஆகாது. பதுளை ஏத்தத்துல சூடாகும்."

"டீசல் ஒயில் எல்லாத்திலயும் ஒரே அளவு நாகம் இராது நானா. நான் இதையும் ஒருக்கால் பாத்துச் சொல்லுறன்."

"பாருங்க. ஆனா காரை இண்டைக்கு ஸ்டார்ட் பண்ணணும்."

கராஜில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓட விடாமல், வேகத்தைக் கூட்டி இருபது நிமிடம் அப்படியே பிடித்திருந்தார் இத்ரூஸ். புதுத் தண்டு முதல் இருபது நிமிடத்தில்தான் பழகும் என்றார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரைச்சலில் பேச முடியவில்லை. இருபது நிமிடம் முடிந்ததும் ஒயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புதிதாக ஊற்றினார்.

அதற்குப் பிறகு மடுல்சீமை வகுப்பு தடைப்படவில்லை. அந்த வருடம் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் எடுத்த பத்தொன்பது பேரில் பதினொரு பேர் சித்தியடைந்தார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இத்ரூஸ் டெப்பட் இடைவெளியை அளந்து பார்த்தார். மாற்றம் இல்லை. முன்பெல்லாம் டீச்சர் வந்தால் அவருடைய வீட்டிலிருந்து பிளேன்டீ வரும், இப்போது வரவில்லை. டீச்சர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வேலை முடியும் வரை மர வாங்கில் உட்கார்ந்து பயிற்சிக் கொப்பிகள் திருத்தினார். ஸுபைராவுக்கு அடுத்த வருடம் ஊவா பரணகமையில் கலியாணம் முடிந்தது. டீச்சருக்கு அழைப்பு வரவில்லை.

2008 ஜூனில் ஒரு பின்னேரம் பாடசாலைக் காவலாளி ஆய்வுகூடத்துக்கு வந்து, ஒரு ஆள் டீச்சரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். டீச்சர் வாசலுக்குப் போனார். இத்ரூஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு சோடாப் போத்தல், முக்கால் பங்கு ஒயில்.

"பண்டாரவளையில ஒரு ஆளுட பெட்ஃபோர்ட் லொறி," என்றார். "பழைய பெட்ரோல் லொறி. புது கேம் போட்டுக் குடுத்தேன். எங்கயோ மலிவாக் கெடச்சதெண்டு இந்த ஒயிலக் கொண்டுவந்து ஊத்தச் சொல்றான். கலன்ல ஒட்டியிருந்த தாளும் இல்ல. எனக்கு ஊத்த மனசு இல்ல. பாத்துச் சொல்ல ஏலுமா?"

டீச்சர் போத்தலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நிறத்தில் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

"எரிக்க ரெண்டு நாள் வேணும்," என்றார். "வியாழக்கிழமை வாங்கோ. அது வரைக்கும் அந்த லொறியை விடாதேங்கோ."

"விடமாட்டேன்," என்றார் இத்ரூஸ். வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.